சாட்சி சொல்லப் போன வீடு

அன்றைக்கு அந்த லைன் வீட்டுக்குள் இருந்தது ஐந்து பேர். அக்கா, அக்காவின் வீட்டுக்காரர், பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த அவர்கள் மகள், எங்கள் சபைப் போதகரின் மனைவி பாஸ்டரம்மா, நான். மழைக்குப் பயந்து உள்ளே கொண்டுவந்து கூடை போட்டுக் கவிழ்த்திருந்த ஒரு கோழியும் உண்டு. நடுநடுவே அதுவும் குரல் கொடுத்ததால் சொல்கிறேன். வேறு ஆள் கிடையாது. பிற்பாடு லைனில் பல பேர், "நானும் அங்கதான் இருந்தேன், எங்காதால கேட்டேன்" என்று சொல்லித் திரிந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. பனி உள்ளே வரும் என்று அக்காதான் சாத்தினார்.

அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை. தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் லைனுக்கு மேல் லைன் அவருடையது. இலை எடுக்கும்போது என் வரிசைக்கு அடுத்த வரிசை. சின்னப் பிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு வந்தவர். லைனை லயம் என்பார், மேனேஜரைத் தொரை என்பார். வீட்டில் முருகன் படம். தினமும் வேலிப் பூ ஒன்றாவது அதில் இருக்கும். என்னிடம் அவருக்குப் பிரியம் அதிகம். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுவது அவருக்கு வேடிக்கை.

நாங்கள் அங்கே போனது சுவிசேஷம் சொல்ல.

எங்கள் சபை எமரால்டு போகும் ரோட்டோரம் தகரம் போட்ட ஒரு ஹால். ஜூன் மாதம் மழை பிடித்தால் பாட்டுச் சத்தத்தைத் தகரச் சத்தம் அமுக்கிவிடும். நாங்களும் விடமாட்டோம், தொண்டை கிழியப் பாடுவோம். வெளியே முட்டைக்கோஸ் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள். நனைந்த ஸ்வெட்டர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும், ஆட்டுப்பட்டி மாதிரி. கூட்டம் முடிந்ததும் மொறுமொறு வர்க்கியும் பால் விடாத கட்டஞ்சாயாவும். இப்போது குன்னூரில் நான் போகிற சபைக்குக் கான்கிரீட் கூரை. உள்ளே உட்கார்ந்திருந்தால் மழை பெய்வதே தெரியாது. எல்லாரும் அளவாகப் பாடுகிறார்கள்.

அந்த ஹாலில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா சொன்னார்: சுவிசேஷம் சொல்வது போதகருக்கு மட்டும் விட்ட வேலை இல்லை, விசுவாசிகள் ஒவ்வொருவரும் தெரிந்த ஒரு வீட்டுக்காவது போய்ச் சொல்ல வேண்டும். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது அக்கா வீடு என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஏழாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசினால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அவர்கள் ஏதாவது கேள்வி கேட்டால் என்ன செய்வது? உங்கள் சாமியைக் குறைத்துப் பேசவா வந்தாய் என்று கோபித்துக்கொண்டால்? யாராவது போனில் படம்பிடித்து, மதம் மாற்ற வந்தார்கள் என்று போட்டுவிட்டால்? அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டால் தினமும் அடுத்த வரிசையில் எப்படி நிற்பது? கடைசியில், சரி என்று ஒத்துக்கொண்டுவிட்டால் அப்புறம் நான் என்ன செய்ய வேண்டும்? அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய பயம்.

பாஸ்டரம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "மொதல் வரிய மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோம்மா. மத்தத ஆவியானவர் பாத்துக்குவார்."

அந்த முதல் வரி இதுதான்: "அக்கா, நான் உங்களுக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கேன்." எங்கள் சபைகளில் சாட்சி சொல்வது என்றால், ஆண்டவர் என் வாழ்க்கையில் இன்ன நன்மை செய்தார் என்று எழுந்து நின்று சொல்வது. கோர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இலை எடுக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, குளிக்கும்போது அந்த வரியைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

அன்றைக்கு உட்காரச் சொல்லிப் பலகை போட்டார் அக்கா. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வரி மறந்துவிடும். கொடுக்கக் கொண்டுபோன சுவிசேஷக் கைப்பிரதிகளை மார்போடு பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, ஒரே மூச்சில் சொன்னேன்.

"அக்கா, நான் உங்களுக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கேன்."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கைப்பிரதி எல்லாம் கீழே விழுந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"பாத்தீங்களா?" என்று வீட்டுக்காரரிடம் திரும்பினார். "ஒருத்தியாச்சும் வருவான்னு நான் சொன்னேனா இல்லியா? அம்புட்டுப் பேரு நின்னாளுக எல எட போடற செட்டுல. அம்புட்டுப் பேருக்கும் அன்னைக்குன்னு கண்ணு அவிஞ்சு போச்சு. இவ பாரு, ஊடு தேடி வந்துட்டா!"

"இருடி," என்றார் வீட்டுக்காரர். "அந்தப் புள்ள என்ன சொல்ல வருதுன்னு முழுசாக் கேளு."

"அதான் சொல்லிட்டாளே! சாட்சி சொல்ல வந்திருக்கேன்னு வாயத் தொறந்து சொன்னாளே. உங்களுக்குக் காது அடச்சுப்போச்சா?"

பாஸ்டரம்மாவுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. ஒரு வரி சொன்னதற்கே ஒரு ஆத்துமா அழுகிறது என்று நினைத்து, கண்ணை மூடி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, இவ்ளோ சீக்கிரமாவா!" என்றார். கூடைக்குள் கோழி கொக்கரித்தது.

மகள் புத்தகத்திலிருந்து தலை தூக்கினாள். "சித்தி, என்கொயரி புதன்கிழமை பத்து மணிக்கு. ஆபீசுல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். மழை நாளில் இலை ஈரமாக இருக்கும் என்று, எடை போடும்போது சாக்குக்கு இத்தனை கிலோ என்று குறைப்பார்கள். தண்ணி கழிக்கிறது என்போம். ஒரு நாள் நல்ல வெயில். இலை காய்ந்து சலசலவென்று இருந்தது. அப்போதும் எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி தண்ணி கழித்தார். "தண்ணி எங்க இருக்கு? புழிஞ்சு காட்டுங்க, குடிச்சுக்கறேன்" என்று அக்கா கேட்டார். மேஸ்திரி கோபத்தில் சாக்கை இழுத்து அப்பால் தள்ளப் போனார். சாக்குக் கயிறு அவர் காலிலேயே சுற்றியது. சேற்றில் மல்லாந்து விழுந்தார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புதான் வினை. அக்கா தன்னைப் பிடித்துத் தள்ளினார் என்று அவர் ஆபீசில் எழுதிக் கொடுத்தார். அக்காவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். வேலை போனால் லைன் வீடும் போகும். வீடு போனால் மகள் பரீட்சைக்கு முன்னால் எங்கே போய் இருப்பாள்? வரிசையில் அக்காவுக்கு அடுத்து நின்றவள் நான்தான். யார் கேட்டாலும் நாங்கள் எல்லாரும் ஒரே பதில்தான் வைத்திருந்தோம். பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மேஸ்திரி எங்கள் சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வருகிறவர் அவர்தான்.

மகள் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். இல்லை அக்கா, நான் வந்தது வேறு சாட்சிக்கு என்று சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தேன். அக்கா என் கையை விடவே இல்லை.

திரும்பி நடக்கும்போது பாஸ்டரம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"நம்ம சபையில பை எடுக்கறாரே, அவரா?"

"அவரேதானுங்கம்மா."

கேரட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று எங்களை ஒதுக்கிவிட்டுப் போனது.

"சபைக்காரங்க ஒருத்தர்மேல ஒருத்தர் வெளிய போயிப் பேசறது நல்லால்லைன்னு ஐயா சொல்லுவாங்க," என்றார்.

"சரிங்கம்மா."

இன்னும் கொஞ்ச தூரம். "நீ பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேனுங்க."

"ம்."

மினி பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "புதன்கெழம நான் உபவாசம் இருக்கேம்மா." எதற்காக என்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நான் போக வேண்டும் என்றா, போகக் கூடாது என்றா? அதை நினைத்தே எனக்குப் பாதித் தூக்கம் போனது.

எங்கள் வீட்டுக்காரர் கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் சபைக்கு வருகிறவர். ஃபேக்டரியில் தற்காலிகமாக இருந்தார். நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம்.

"ஏம்புள்ள, உன்னய நோட்டீஸ் குடுக்கச் சொன்னாங்களா, கேஸ் நடத்தச் சொன்னாங்களா?"

"நானா தேடிப் போனேனுங்க? வார்த்த அப்படி ஆயிருச்சு."

"ஆண்டவரையே நிக்க வெச்சு வெசாரிச்சப்ப, அவரு வாயத் தொறக்கலையாமா. நீ போயி என்னத்தப் பேசப்போற?"

"அது அவரு மேல போட்ட கேசுங்க. அவரு பேசாம இருக்கலாம். இது அடுத்தவங்க மேல போட்டதுல்லைங்களா?"

அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அடேங்கப்பா, வக்கீலம்மா! கொஞ்சம் ரசம் ஊத்துங்க." வேண்டாம் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையில் மேஸ்திரியைப் பார்த்தேன். வர்க்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஸ்தோத்திரம், சிஸ்டர்."

"ஸ்தோத்திரமுங்க."

"என்னா பனி பாத்தீங்களா. அன்னிக்கும் இப்படித்தான், எதிர்ல நிக்கறவங்க மொகமே தெரியல. இல்லீங்களா?"

"அன்னிக்கு வெயிலுங்களே," என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது.

அவர் பொட்டலத்தைக் கை மாற்றிப் பிடித்தார். "யோசிச்சுப் பாருங்க, சிஸ்டர். பொறுமையா யோசிங்க." போய்விட்டார். நான் வாங்க வந்தது என்ன என்பதே மறந்துபோய் உப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் உப்பு இருந்தது.

புதன்கிழமை ஆபீசில் குன்னூரிலிருந்து வந்த வக்கீல் ஒருவர் விசாரித்தார். பக்கத்தில் ஒரு பையன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தான். அக்கா ஒரு ஓரம், மேஸ்திரி ஒரு ஓரம். என்னைக் கூப்பிட்டு, "நீங்க என்ன சொல்லணுமோ சொல்லலாம்மா" என்றார் வக்கீல்.

எனக்கு எழுந்து நின்று பேசிப் பழக்கம் ஒரே ஒரு இடத்தில்தான். அங்கேயும் வருஷத்துக்கு ஒரு தரம். கை தானாகப் போய் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டது. கும்பிட்டேன்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கூடிவந்திருக்கிற உங்க எல்லாருக்கும் என்னோட வந்தனம்."

டக்டக்கென்று பையன் தட்டினான். வக்கீல் அவன் பக்கம் திரும்பினார். "என்னப்பா அடிக்கறே?"

"அவங்க சொன்னதத்தான் சார்."

அக்கா மூக்கைச் சிந்துவது போல முந்தானைக்குள் சிரித்தது எனக்குத் தெரிந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்த இரண்டு வரி சொன்ன பிறகு நாக்கு ஒட்டவில்லை. சபையில் சாட்சி சொல்வது மாதிரியே, முதலில் இது, பிறகு இது என்று சொல்லிக்கொண்டு போனேன். வெயில் அடித்தது. இலை காய்ந்திருந்தது. அக்கா கேட்டது இது. அவர் இழுத்தார். கயிறு காலில் சுற்றியது. அக்காவின் கை அப்போது இடுப்பில் இருந்தது. நாங்கள் சிரித்தோம்.

"நீங்களும் அவரும் ஒரே சர்ச்சாமே? உங்களுக்குள்ள ஏதாவது விரோதமா?" என்று கேட்டார் வக்கீல்.

"இல்லீங்க. போன ஞாயித்துக்கெழம அவருதான் ஜெபம் பண்ணாரு. நான் ஆமென் சொன்னேனுங்க."

"இந்தம்மா உங்களுக்கு என்ன குடுத்தாங்க, சாட்சி சொல்ல?"

"டீ குடுத்தாங்க."

மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை கூட நிமிரவில்லை.

அடுத்த ஞாயிறு சபைக்குப் போவதற்கு ஆபீசுக்குப் போனதைவிட அதிகம் பயந்தேன். சுவரோரமாக உட்கார்ந்தேன். பை வந்தது. அவர்தான் நீட்டினார். பத்து ரூபாயைப் போட்டேன். பை நகரவில்லை. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது, எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து, "தண்ணி கழிக்கச் சொன்னது நானில்ல, சிஸ்டர். எனக்கும் மேல இருந்து சொல்றாங்க" என்றார்.

"தெரியுமுங்க."

பை அடுத்த வரிசைக்குப் போனது. அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பாஸ்டரம்மா அந்தப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இன்னும் சத்தமாகப் பாடினார்.

மறுபடியும் வேலையில் சேர்த்துக்கொள்வதாக அக்காவுக்குக் காகிதம் வந்தது. வீடு தப்பியது. மகள் அதே வீட்டிலிருந்து பரீட்சை எழுதினாள். எங்கள் வீட்டுக்காரரை நிரந்தரம் ஆக்குவது தள்ளிப்போனது. இதனாலா, வேறு எதனாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரும் சொல்லிக் காட்டியது கிடையாது, ரசம் ஊற்றும்போது வக்கீலம்மா என்று கூப்பிடுவதைத் தவிர.

அக்கா வேலைக்கு வந்த முதல் வாரம். பக்கத்துப் பக்கத்து வரிசை. பனி கீழ்ப் பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அக்கா இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஏண்டி, அன்னைக்கு நீ வேற என்னத்தையோ சொல்லத்தானே வந்த?"

என் கை நின்றுவிட்டது. "உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாம? அந்தம்மா கையில புஸ்தகம், உங்கையில நோட்டீசு. எங்க லயத்துலயும் வேதக்காரங்க இருந்தாங்கடி. சாட்சின்னா நீங்க என்னத்தச் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?" ஒரு கை கொழுந்தைப் பையில் போட்டார். "நீயா வந்து அந்த வார்த்தைய விட்ட. நான் புடிச்சுக்கிட்டேன். எனக்கு வேற யாரு இருந்தா?"

கொஞ்ச நேரம் எனக்குக் கோபமா அழுகையா என்றே தெரியவில்லை. தூங்காமல் கிடந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். மேலே நின்ற மேஸ்திரி, "என்னங்க அங்க சிரிப்பு?" என்று குரல் கொடுத்தார்.

"சரி, இப்பச் சொல்லு," என்றார் அக்கா. "அன்னைக்குச் சொல்ல வந்ததச் சொல்லு. இந்தச் செடி வரி முடியறதுக்குள்ள முடிச்சிரணும். சாப்பாட்டு நேரத்துல சாமி கத வேணாம்."

மனப்பாடம் செய்த வரி அங்கே உதவவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சின்ன வயதிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்றும், அந்தப் பயத்தைக் கொண்டுபோய் இறக்கிவைக்க ஒருத்தர் இருக்கிறார் என்று கண்டுகொண்டதையும் சொன்னேன். தப்பே செய்யாத அவரை அடித்தார்கள், அடித்தவர்களை மன்னித்தார், எனக்காகவும் உங்களுக்காகவும் செத்தார், மூன்றாம் நாள் எழுந்தார் என்றேன். நடுவில் செடிக்குச் செடி மாறும்போது நிறுத்துவேன். அக்கா, "ம், மேல சொல்லு" என்பார்.

"செத்தவரு எழுந்தாராக்கும்?"

"எழுந்தாருங்க."

"நீ பாத்தியா?"

"பாக்கலீங்க."

"அப்பறம் இதுக்கு எப்படிச் சாட்சி சொல்ற? வக்கீலு கேட்டா என்ன சொல்லுவ?"

நான் யோசித்தேன். இதைத்தான் பயந்தேன், கேள்வி கேட்பார்கள் என்று. ஆனால் அவரிடம் பயம் வரவில்லை. "பாத்தவங்க சொன்னாங்க, நம்பினேன். அப்பறம் அன்னிக்கு ஆபீசுல நான் பேசுனேன்லக்கா? நான் பேசறவளா? சொல்லுங்க."

அக்கா அடுத்த செடிக்கு நகர்ந்தார். "அது வாஸ்தவந்தான். கோழிய வெரட்டக்கூட உனக்குச் சத்தம் வராது." பிறகு, "இந்த வரி முடிஞ்சுது. அடுத்த வரிக்கும் இருக்கா, அவ்வளவுதானா?" என்றார்.

இருந்தது. சொன்னேன்.

அக்கா சபையில் சேரவில்லை. கிறிஸ்துமசுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டு நன்றாக இருக்கிறது, பிரியாணியில் உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுப் போவார். முருகன் படத்துப் பூ ஒரு நாளும் நின்றதில்லை. ஆனால் யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது பரீட்சை என்றால் என்னிடம் வந்து, "உங்க ஆளுகிட்டயும் சொல்லி வையி" என்பார். அந்த வரிசைகளுக்கு நடுவே, கை இலை எடுக்க வாய் சொல்லிக்கொண்டே போன அந்த நாட்களைப் போல நான் ஆண்டவரைப் பற்றி வேறு எங்கேயும் பேசியதில்லை. இங்கே குன்னூரில் கைப்பிரதி கொடுக்கப் போகிறேன், வாங்கிக்கொள்கிறார்கள். யாரும், நீ பார்த்தியா என்று கேட்பதில்லை.

எஸ்டேட் இப்போது கை மாறிவிட்டது. எங்கள் லைனில் வடக்கேயிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலில் நான் நட்ட ஊதாப் பூச்செடியை அவர்கள் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள், போன தடவை போனபோது பார்த்தேன். அக்கா திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மகள் நர்ஸ். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று போனில் புலம்புவார். போன் வைக்கும் முன்னால் தவறாமல் ஒன்று கேட்பார்.

"அந்தக் காசப்பத்தி உங்க ஆண்டவர்கிட்டச் சொன்னியா?"

சஸ்பெண்டில் இருந்த நாட்களுக்குப் பாதிக் கூலி தர வேண்டும் என்று அந்தக் காகிதத்திலேயே எழுதியிருந்தது. பழைய கம்பெனி புதுக் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறது, புதியவர்கள் பழையவர்களைக் கேட்கச் சொல்கிறார்கள். நானும் அக்காவும் ஒரு தடவை சேர்ந்து ஆபீசுக்குப் போய்க் கேட்டு, டீ குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே பஸ் ஏறி வந்தோம்.

"சொன்னேனுங்கக்கா," என்பேன். நிஜமாகவே சொல்லியிருக்கிறேன், தினமும் காலையில், தொகையோடு. ஆறாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.